மழைக்குப் பிறகு பிரேக்: பேட் மட்டும் மாற்றினால் பாதி வேலைதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் கடலோர ஊர்களின் கார் பட்டறைகளுக்கு ஒரே மாதிரியான புகார்தான் வரும். காலையில் வண்டியை எடுத்தால் சக்கரத்தில் கரகரவென்று சத்தம், 80-இல் போகும்போது பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது. கூடவே ஒரு வேண்டுகோளும் வரும்: “பேட் மட்டும் மாத்திக் கொடுங்க, போதும்.” தூத்துக்குடி, ராமேஸ்வரம், வேதாரண்யம், நாகப்பட்டினம், சென்னையில் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக, உப்புக் காற்று படுகிற எல்லா ஊரிலும் இப்படித்தான். அந்த வேண்டுகோளை அப்படியே நிறைவேற்றுவது ஏன் தவறு, சரியான வேலை எப்படி இருக்க வேண்டும், அதைக் கார் வைத்திருப்பவர் எப்படிச் சரிபார்க்கலாம் என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம். சற்று நீளமானதற்குப் பொறுத்தருள வேண்டும். பிரேக் விஷயத்தில் சுருக்கிச் சொன்னால் முக்கியமானதுதான் விடுபட்டுப்போகிறது.

முதலில் துரு. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் வட்டத் தகடுதான் டிஸ்க்; அதை உள்ளும் வெளியுமாக இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டைகள்தான் பேட். டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. பேட் உரசுகிற முகத்தில் எந்தப் பூச்சும் நிற்காது. அதனால் ஒரு ராத்திரி மழையில் நின்றாலே, ஏன், காரைக் கழுவிவிட்டு அப்படியே நிறுத்தினாலே, செம்மண் நிறத்தில் மெல்லிய துரு படர்ந்துவிடும். இதற்காகப் பதற வேண்டாம். தெருமுனை போய்ச் சேர்வதற்குள் நாலைந்து முறை பிரேக் பிடித்தால் பேட்டே அதைத் துடைத்துவிடும். வாரக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியின் துரு வேறு வகை. பேட் டிஸ்க்கோடு ஒட்டி நின்ற இடத்தில் ஈரம் தேங்கி, பேட்டின் வடிவத்திலேயே ஒரு தழும்பு விழுந்திருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டப்’ கேட்கும், மெதுவாகப் பிரேக் பிடித்தால் பெடல் காலில் துடிக்கும். நன்றாகப் பிரேக் பிடித்து 50 கி.மீ. ஓட்டியும் அது மறையவில்லை என்றால் இனி தானாக மறையாது. மூன்றாவது வகைதான் கெட்டது. டிஸ்க்கின் வெளி விளிம்பிலும் உள் விளிம்பிலும் தொடங்கி, துரு அடுக்கடுக்காகப் பொரிந்து, பேட் உரசும் பளபளப்பான வளையத்தை இரண்டு பக்கமும் தின்றுகொண்டே வரும். வளையம் குறுகக் குறுக, பேட்டின் முழு அகலமும் டிஸ்க்கைத் தொடாது. பிரேக் பிடிப்பதும் அந்த அளவுக்குக் குறையும்.

இங்கே பெரும்பாலோர் ஏமாறுவது ஒரு விஷயத்தில். அலாய் சக்கரத்தின் இடைவெளி வழியே பார்த்தால் தெரிவது டிஸ்க்கின் வெளி முகம் மட்டுமே. உள் முகம் தடுப்புத் தகட்டை ஒட்டி இருப்பதால் அங்கே காற்றோட்டம் குறைவு. சேறும் உப்புத் தண்ணீரும் அங்கேதான் தங்கும். வெளி முகம் கண்ணாடிபோல் மின்னிக்கொண்டிருக்க, உள் முகம் பாதி பொரிந்து கிடப்பது கடலோர வண்டிகளில் சாதாரணம். ஆகவே சக்கரத்தைக் கழற்றாமல், உள் முகத்தைப் பார்க்காமல், “டிஸ்க் நல்லாத்தான் இருக்கு” என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அடுத்தது தடிமன். ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதற்கான குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். நடுக் குமிழின் மேலோ வெளி விளிம்பிலோ ‘மின் டிஎச்’ என்ற ஆங்கில எழுத்துகளோடு மி.மீ. கணக்கில் இருக்கும். துரு மூடியிருந்தால் வயர் பிரஷ் போட்டுத் தேய்த்தால் தெரியும். நடுவே காற்று போகும் இடைவெளியுள்ள முன்பக்க டிஸ்க் புதிதில் 22 மி.மீ. இருந்தால், குறைந்தபட்சம் பெரும்பாலும் 20 என்றிருக்கும். புதியதற்கும் வரம்புக்கும் நடுவே இருப்பது மொத்தமே சுமார் 2 மி.மீ.தான், அதாவது ஒரு முகத்துக்கு 1 மி.மீ. கண்ணால் பார்த்துச் சொல்லிவிடக் கூடிய அளவு அல்ல அது.

அளப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. தேய்ந்த டிஸ்க்கின் ஓரத்தில் பேட் படாத பகுதி வயல் வரப்புபோல எழும்பி நிற்கும். சாதாரண வெர்னியரை ஓரத்தில் வைத்தால் அது வரப்பைத்தான் அளக்கும், தேய்ந்த பகுதியை அளக்காது. மைக்ரோமீட்டர் இருந்தால் ஓரத்திலிருந்து 10 முதல் 15 மி.மீ. உள்ளே தள்ளி வைத்து, சுற்றிலும் எட்டு இடங்களில் அளக்க வேண்டும். வெர்னியர் மட்டும் இருந்தால், ஒரே மாதிரி நாணயம் இரண்டை எடுத்து டிஸ்க்கின் இரு முகத்திலும் ஒவ்வொன்றாக வைத்து, நாணயத்தோடு சேர்த்து அளந்து, பிறகு இரண்டு நாணயங்களின் தடிமனைக் கழித்துவிடலாம். எட்டு இடங்களில் கிடைத்ததில் மிகக் குறைந்த எண்தான் அந்த டிஸ்க்கின் தடிமன். சராசரி எடுக்கக் கூடாது.

புதுப் பேட் போடும் நாளில் டிஸ்க் வரம்பைவிட அரை மி.மீ. கூட அதிகமாக இல்லை என்றால் டிஸ்க்கையும் சேர்த்து மாற்றுவதே சரி. புதுப் பேட் தேய்ந்து முடிவதற்குள் டிஸ்க் வரம்புக்குக் கீழே போய்விடும். அப்போது பாதியில் பேட்டையும் சேர்த்துத் தூக்கிப்போட வேண்டி வரும்.

மெல்லிய டிஸ்க்கால் அப்படி என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 300 கிலோஜூல். நிறுத்தும்போது அத்தனையும் வெப்பமாக மாறுகிறது. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு முன்சக்கரங்களுக்குப் போகும். ஒவ்வொன்றும் 5 கிலோ இருக்கும் இரண்டு டிஸ்க்குகள் அந்தச் சூட்டை வாங்கினால், ஒரே ஒரு நிறுத்தத்தில் டிஸ்க்கின் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் ஏறும். இப்போது கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்குவதை நினைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 1800 மீட்டர் இறக்கம். 80-இலிருந்து எழுபது தடவை நிறுத்துவதற்குச் சமமான ஆற்றல் அது. காற்றின் எதிர்ப்பும் எஞ்சின் பிடிப்பும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் டிஸ்க்கில்தான் இறங்கும். இரும்பு குறைந்தால் அதே சூட்டுக்கு வெப்பநிலை இன்னும் மேலே போகும். உள்ளே காற்று போகும் இடைவெளிகளைப் பிரிக்கும் தடுப்புகளும் துருவால் அரித்திருந்தால் சூடு வெளியேறும் வழியும் அடைபடும், விரிசலும் விழும். பேட்டும் டிஸ்க்கும் ஒருசேரத் தேய்ந்திருந்தால், பேட்டுகளை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வந்துவிடும் ஆபத்து வேறு.

“லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கிக்கலாமே” என்ற யோசனை நம் ஊரில் எப்போதும் உண்டு. எல்லா இடத்திலும் அது தவறு என்று சொல்ல முடியாது. கடைந்து முடித்த பிறகும் வரம்புக்கு மேலே போதுமான தடிமன் மிஞ்ச வேண்டும். கடைபவர் டிஸ்க்கில் ஹப் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் நடுப்பாகம்) படும் முகத்தை ஆதாரமாக வைத்து நேராகப் பிடித்திருக்கவும் வேண்டும். 22 மி.மீ. டிஸ்க் 21-க்குத் தேய்ந்து, பள்ளம் போக முகத்துக்கு 0.3 மி.மீ. கடைந்தால் மிஞ்சுவது 20.4. அதைக் காசு கொடுத்துச் செய்வதைவிடப் புதிது வாங்குவதே மேல். துருப் பள்ளம் ஆழமாக விழுந்த டிஸ்க்கில் கடைசல் அநேகமாக வீண் செலவு. எமரி தாள் போட்டுத் தேய்ப்பது மேல்துருவை எடுக்கும். பள்ளத்தையும் தடிமன் வேறுபாட்டையும் அது ஒன்றும் செய்யாது.

இனி வேலை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கியபின் ஸ்டாண்ட் கொடுக்காமல் யாரும் கையை உள்ளே விடக் கூடாது. காலிப்பரைக் கழற்றியதும் அதைப் பிரேக் ஹோஸில், அதாவது ஆயில் வரும் ரப்பர் குழாயில், தொங்கவிடுவது பட்டறைகளில் அன்றாடம் காணும் தவறு. வெளியே ஒன்றும் தெரியாது, ஹோஸின் உள் அடுக்கு கிழிந்துவிடும். ஒரு கம்பிக் கொக்கியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் மாட்டிவைக்க அரை நிமிடம் கூட ஆகாது.

துருப்பிடித்த டிஸ்க் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். பல கார்களில் டிஸ்க்கிலேயே மரையுள்ள இரண்டு துளைகள் இருக்கும், பெரும்பாலும் 8 மி.மீ. போல்ட் ஏறும். இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்கினால் டிஸ்க் தானாகக் கழன்று வரும். சில கார்களில் டிஸ்க்கைச் சிறிய ஸ்குரூ பிடித்திருக்கும். துருப்பிடித்த ஸ்குரூவை வெறும் ஸ்குரூடிரைவரால் திருகினால் தலை வழுக்கிவிடும். துரு நீக்கி எண்ணெய் விட்டு ஊறவைத்து, அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரால் எடுக்க வேண்டும். சுத்தியலால் டிஸ்க்கின் உரசும் முகத்தில் அடித்துக் கழற்றினால் அந்த டிஸ்க்கைத் திரும்ப மாட்டக் கூடாது. ஹப் பேரிங்கும் அந்த அடியில் பாதிக்கப்படும்.

இப்போது சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தின் உயிர். டிஸ்க் கழன்றதும் ஹப்பின் முகத்தைப் பாருங்கள். கடலோர வண்டியில் அங்கே துருச் செதில்கள் படிந்திருக்கும். அதன் மேலேயே புது டிஸ்க்கை மாட்டினால் என்ன ஆகும்? ஹப்பின் ஓரத்தில் 0.05 மி.மீ. செதில் ஒன்று இருந்தால், டிஸ்க்கின் வெளி விளிம்பில் அந்தச் சாய்வு ஏறக்குறைய இரண்டு மடங்காகி 0.1 மி.மீ.யைத் தொடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வாடிக்கையாளர் திருப்தியோடு வண்டியை எடுத்துப் போவார். ஆனால் பிரேக் பிடிக்காதபோதும், அந்தச் சாய்ந்த பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேட்டை ஒரே இடத்தில் இலேசாக உரசிக்கொண்டே இருக்கும். சில ஆயிரம் கி.மீ. ஓடியதும் அந்த இடம் மட்டும் மெலிந்திருக்கும். தடிமனில் 0.02 மி.மீ. வேறுபாடு வந்தாலே போதும், ஸ்டியரிங் உதறத் தொடங்கும். “போன வருஷம்தான் டிஸ்க் மாத்தினேன், அதுக்குள்ள வளைஞ்சிருச்சு, சரக்கு சரியில்ல” என்பார்கள். டிஸ்க் வளையவில்லை. சரக்கு கெட்டதும் இல்லை. ஹப்பைச் சுத்தம் செய்யாததுதான் காரணம்.

ஹப் முகத்தை வயர் பிரஷ்ஷால், வீல் போல்ட்டுகளின் அடிப்பகுதி உட்பட, இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஏ.பி.எஸ். சென்சார் பக்கத்தில் இருந்தால் அதன் மேல் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புது டிஸ்க்கை வைத்து, வாஷர் போட்ட வீல் நட்டுகளால் இறுக்கிப் பிடித்து, டயல் கேஜை ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே வைத்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் ஆட்டம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். கார் நிறுவனத்தின் கையேட்டில் சொன்ன அளவுக்குள், பெரும்பாலும் 0.05-லிருந்து 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு போல்ட் துளை தள்ளித் திருப்பி மாட்டி மறுபடி அளக்க வேண்டும். ஹப்பின் கோணலும் டிஸ்க்கின் கோணலும் ஒன்றையொன்று ஈடுகட்டும் நிலை பல சமயம் அதிலேயே கிடைத்துவிடும். டயல் கேஜ் ஒன்றும் எட்டாத விலைப் பொருள் அல்ல. அது இல்லாத பட்டறை டிஸ்க் மாற்றும் வேலையை எடுப்பதே சரியல்ல என்பது எங்கள் கருத்து.

பேட்டுக்கு வருவோம். புதுப் பேட்டில் உரசும் பொருள் 10 முதல் 12 மி.மீ. வரை இருக்கும். 3 மி.மீ.க்கு வந்ததும் மாற்றிவிட வேண்டும். பல பேட்டுகளில் ஒரு சின்ன எஃகுத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். பேட் சுமார் 2 மி.மீ.க்குத் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் பட்டுக் கீச்சிடும். அந்தக் கீச்சொலியைச் சகித்துக்கொண்டு இன்னும் ஒரு மாதம் ஓட்டுபவர்கள்தான் டிஸ்க்கையும் இழக்கிறார்கள்.

கழற்றிய பழைய பேட்டுகளை உடனே குப்பையில் போட்டுவிடக் கூடாது. அவை எப்படித் தேய்ந்திருக்கின்றன என்பதிலேயே மற்ற பழுதெல்லாம் தெரியும். உள் பேட் மட்டும் வெகுவாகத் தேய்ந்து வெளிப் பேட் தடிமனாக இருந்தால், காலிப்பர் வழுக்கி நகர்வதற்கான ‘பின்’ என்ற கம்பி இறுகியிருக்கிறது, அல்லது பிஸ்டன் பின்வாங்க மறுக்கிறது. பேட் ஒரு முனையில் மெலிந்து மறுமுனையில் தடித்திருந்தால் இரண்டு பின்களில் ஒன்று சிக்கியிருக்கும். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் பெரிய வேறுபாடு இருந்தால் ஒரு பக்கக் காலிப்பரோ ஹோஸோ கெட்டிருக்கும். பேட்டின் இரும்புத் தகட்டுக்கும் உரசும் பொருளுக்கும் நடுவே துரு புகுந்து மெல்லிய விரிசல்கோடு தெரிந்தால், தடிமன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்தப் பேட் ஆகாது. ஒருநாள் அவசரப் பிரேக்கில் உரசும் பொருள் மொத்தமாகக் கழன்று விழுந்துவிடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நாட்கணக்கில் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கெல்லாம் இந்தச் சோதனை கட்டாயம் வேண்டும்.

பேட் உட்காரும் தாங்கியில் எஃகுக் கிளிப்புகள் இருக்கும். அவற்றுக்கு அடியில்தான் துரு வளரும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பது. வளர வளரக் கிளிப்பை மேலே தள்ளி, பேட்டின் காதை, அதாவது தாங்கியில் உட்காரும் முனையை, நெருக்கிப் பிடித்துவிடும். பேட் பின்வாங்க முடியாமல் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். சூடு ஏறும், மைலேஜ் குறையும், பேட் சீக்கிரம் தீரும். இதைப் பார்க்காமல் புதுப் பேட்டைச் சுத்தியலால் தட்டி நுழைப்பதும், பேட்டின் காதை அரத்தால் ராவி நுழைப்பதும் நோயை விட்டுவிட்டு வேறெதற்கோ மருந்து கொடுப்பது. கிளிப்பைக் கழற்றி, தாங்கியின் துருவை அரத்தாலும் வயர் பிரஷ்ஷாலும் சுரண்டி, புதுக் கிளிப் போட வேண்டும். பேட் விரலால் தள்ளினாலே நுழைய வேண்டும். சுத்தியல் தேவைப்படுகிறது என்றால் சுத்தம் செய்தது போதவில்லை.

நகரும் பின்களையும் உருவிப் பார்க்க வேண்டும். குழி விழுந்த பின்னையும் அதை மூடும் ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்றியே தீர வேண்டும். சில காலிப்பர்களில் ஒரு பின்னில் மட்டும் ரப்பர் வளையம் இருக்கும். மேலே இருந்ததைக் கீழே மாற்றிப் போட்டுவிடாமல் கவனம் தேவை. கிரீஸ் விஷயத்தில் நம் பட்டறைகள் திருந்தியே ஆக வேண்டும். பேரிங்குக்குப் போடும் சாதாரணக் கிரீஸைப் பின்னில் தடவினால் அதிலுள்ள பெட்ரோலிய எண்ணெய் உறையின் ரப்பரை ஊதவைக்கும். ஊதிய ரப்பர் பின்னை இறுக்கும். பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகத் தடவ வேண்டும். அள்ளி அப்பினாலும் தொந்தரவுதான்: துளையின் அடியில் கிரீஸும் காற்றும் அடைத்துக்கொண்டு பின் உள்ளே போகாமல் எதிர்த்துத் தள்ளும்.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் மேலேயுள்ள அதன் டப்பாவுக்கு ஏறும். இடையில் யாராவது ஆயில் குறைந்திருக்கிறது என்று ஊற்றி நிரப்பியிருந்தால் டப்பா நிரம்பி வழியும், பெயின்ட்டைத் தின்னும். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்குவது இயல்பு. அதை நிரப்புவதற்கு முன் பேட்டைப் பார்க்க வேண்டும். பழைய கறுத்த ஆயிலை மேலே தள்ளாமல், காலிப்பரில் ஆயிலை வடிக்க இருக்கும் நிப்பிள் என்ற திருகைத் திறந்து குழாய் வழியே வெளியே விட்டுவிட்டு நிப்பிளை மூடுவது நல்ல முறை. துருப்பிடித்த நிப்பிளை வலுக்கட்டாயமாகத் திருகினால் ஒடிந்துவிடும், பிறகு காலிப்பரையே மாற்ற வேண்டி வரும். நாலு பக்கமும் டிஸ்க் உள்ள கார்களில் பின்பக்கம் கூடுதல் கவனம் வேண்டும். கைப்பிரேக் காலிப்பருக்குள்ளேயே இருந்தால் அந்தப் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும், அழுத்தினால் உள்ளிருக்கும் இயந்திரம் உடையும். பொத்தானில் இயங்கும் மின்சாரக் கைப்பிரேக் உள்ள காரில், ஸ்கேன் கருவியாலோ கையேட்டில் சொன்ன முறையிலோ அதைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவராமல் தொடவே கூடாது.

பிரேக் ஆயிலை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கேட்டால் பலருக்கு வியப்பாக இருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய நிலையில், அதாவது 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபோது, அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 ஆயிலுக்கு இந்த எண்கள் 205, 140. மலை இறக்கத்தில் காலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் நீராவிக் குமிழ் உண்டாகும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. கடலோர ஈரக்காற்றில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது ஆடம்பரம் அல்ல. மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ எழுதியிருப்பதைப் பார்த்து, மூடி திறக்காத புது டப்பாவிலிருந்துதான் ஊற்ற வேண்டும். இதில் ஒரு துளி எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ கலந்தாலும் எல்லா ரப்பர் சீல்களும் ஊதிப்போகும்.

பிரேக் தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதுவதை எல்லாப் பட்டறைகளும் உடனே நிறுத்த வேண்டும். பழைய லைனிங்குகளில் (உரசும் பொருளில்), டிரம் என்ற உருளைக்குள் விரிந்து உரசும் ஷூக்களில் குறிப்பாக, அஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அந்த நார் நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. பட்டறையில் கையாளாக நிற்கும் பையன்கள்தான் அதை முதலில் சுவாசிக்கிறார்கள். ஈரத்துணியோ பிரேக் கிளீனர் திரவமோ போதும். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியிருக்கும் எண்ணெயையும் பிரேக் கிளீனரால்தான் துடைக்க வேண்டும். டீசலும் மண்ணெண்ணெயும் படலமாகத் தங்கி முதல் நாளே பேட்டைக் கெடுத்துவிடும்.

சக்கரத்தை மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று தடவையில் சமமாக இறுக்க வேண்டும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர்தான். காற்றுத் துப்பாக்கியால் ஒரே மூச்சில் முறுக்கினால், பாடுபட்டு நேராக்கிய டிஸ்க் மறுபடி கோணலாகும். எல்லாம் முடிந்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதித்து, அது கெட்டியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே தள்ளிய பிஸ்டன் பேட்டைத் தொடும்வரை பிரேக் இருக்காது. இதை மறந்து பட்டறை வாசலிலேயே சுவரில் மோதியவர்கள் உண்டு. 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

புதுப் பேட்டும் புது டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகவேண்டும். ஆளில்லாத சாலையில் 60-இலிருந்து 15 வரை, முழுதாக நிறுத்தாமல், மிதமான அழுத்தத்தில் எட்டு முதல் பத்து முறை பிரேக் பிடிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை நிமிடம் ஓட்டி ஆறவிட வேண்டும். கடைசியில் பெடலை மிதித்தபடியே நிற்கக் கூடாது, சூடான பேட் டிஸ்க்கில் அப்பிக்கொள்ளும். அதற்குப் பிறகும் முதல் 200, 300 கி.மீ.க்கு நிதானம் நல்லது. பேட்டும் டிஸ்க்கும் எப்போதும் ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்றப்பட வேண்டும் என்பதைச் சொல்லாமலே தெரிந்திருக்கும். இருந்தும் “இந்தப் பக்கம் மட்டும் போதும்” என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மின்சாரக் கார், ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வண்டிகளில் வேகத்தைக் குறைக்கும் வேலையின் பெரும்பகுதியை மோட்டாரே செய்து பேட்டரிக்கு மின்சாரமாகத் திருப்பிவிடுகிறது. பேட் தேய்வது குறைவு, ஆகவே துரு துடைபடுவதும் குறைவு. இதனாலேயே சில மின்சாரக் கார்களுக்குப் பின்னால் டிரம் வைக்கிறார்கள். வாரம் ஒருமுறை, பாதுகாப்பான இடத்தில், கையேடு அனுமதித்தால் நியூட்ரலில் போட்டு, இயந்திரப் பிரேக் மட்டும் பிடிக்கும்படி நாலைந்து முறை நிதானமாக நிறுத்திப் பாருங்கள். மற்ற கார்களுக்கு இன்னொரு அறிவுரை. பத்து நாளுக்கு மேல் நிறுத்தும்போது கைப்பிரேக் போடாமல், கியரில் விட்டுக் கட்டை கொடுங்கள். ஈரத்தில் இறுகிய ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டால் வண்டியை நகர்த்துவதற்குள் லைனிங் பெயர்ந்துவிடும். கடற்கரைக்குப் போய்வந்தால் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவி, கழுவிய கையோடு ஒரு கி.மீ. ஓட்டிப் பிரேக் பிடித்து உலர்த்திவிட்டு நிறுத்துங்கள்.

பிரேக் பாகங்கள் தயாரிக்கும் பெரிய ஆலைகள் சென்னையிலேயே பல ஆண்டுகளாக இயங்குகின்றன. நல்ல சரக்கு நம் மாநிலத்திலேயே கிடைக்கும்போது, அட்டைப்பெட்டியை மட்டும் நகலெடுத்த போலிப் பேட்டை நூறு, இருநூறு ரூபாய் மிச்சத்துக்காக வாங்குவதை என்னவென்று சொல்வது? பேட்டின் ஓரத்தில் எஃப்எஃப், ஜிஜி என்பதுபோல் இரண்டு எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உள்ள உராய்வு அளவையும், இரண்டாவது சூடானபோது உள்ள அளவையும் குறிக்கும். இரண்டாவது எழுத்து ஆங்கில எழுத்து வரிசையில் முதலாவதற்கு முன்னால் வருவதாக இருந்தால், சூட்டில் பிடி தளரும் பேட் அது. எழுத்தே இல்லாத பேட்டைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக அரசுக்கும் வாசகர்களுக்கும் ஒன்று. வாடகை வண்டிகளுக்கு முதல் எட்டு ஆண்டுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். சொந்தக் காருக்கோ பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுவரை யாரும் பிரேக்கைச் சோதிப்பதில்லை. பிரிட்டனில் மூன்றாம் ஆண்டு முதல் ஆண்டுதோறும், ஜெர்மனியில் மூன்றாம் ஆண்டிலும் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் பிரேக் சோதனை உண்டு. இங்கே கடலோர மாவட்டங்களுக்காவது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சொந்தக் கார்களின் பிரேக்கை உருளைச் சோதனை மேடையில் ஏற்றிப் பார்க்கும் ஏற்பாட்டைப் போக்குவரத்துத் துறை யோசிக்க வேண்டும்.

அதுவரை, சர்வீஸ் ரசீதில் ‘பிரேக் பார்க்கப்பட்டது, சரி’ என்று எழுதிக் கொடுப்பதை ஏற்காதீர்கள். எண்களைக் கேளுங்கள். முன் டிஸ்க் இடது 21.1, வலது 21.0, வரம்பு 20. பேட் இடது உள் 6, வெளி 7. வலது உள் 6, வெளி 6. ஆயில் மாற்றிய மாதம், வருடம். இவ்வளவையும் எழுத ஒரு வரி போதும். அந்த ரசீதை அடுத்த சர்வீஸுக்கு எடுத்துச் சென்று புது எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றியதாகச் சொல்லும் பழைய டிஸ்க்கையும் பேட்டையும் கேட்டு வாங்கி, உள் முகத்தை ஒருமுறை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கார் பழுதுநீக்கும் தொழிலில் உள்ள வாசகர்கள் சிலர்,
தூத்துக்குடி.